கறுப்பு கேட்டு வந்த அக்கா

விழுப்புரத்தில் நான் பியூட்டி பார்லர் நடத்திய காலத்தில், உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான். கொஞ்சம் கலர் வரணும். கலர் என்றால் எங்கள் பக்கத்தில் வெள்ளை என்று அர்த்தம். கல்யாணப் பெண், கல்யாணப் பெண்ணின் அம்மா, காலேஜ் போகிற பிள்ளை, வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுகிற டீச்சர், எல்லாருக்கும் ஒரே குறை. என்னைக் கறுப்பாக்கிவிடு என்று கேட்டு வந்தவர் ஒரே ஒருவர்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வருவார் என்பதால் எனக்கு அவர் திண்டிவனத்து அக்கா. அந்த ஊரிலேயே பார்லர்கள் இருக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு வருகிறார் என்று முதல் நாளே புரிந்துவிட்டது.

கோடையில் ஒரு மத்தியானம். கடையில் யாரும் இல்லை. முழங்கை தாண்டியும் நீண்ட ஜாக்கெட், முந்தானையை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஆளுங்க இன்னும் வருவாங்களாம்மா?"

"இந்த வெயில்ல யாருக்கா வரப்போறாங்க? உள்ள வாங்க."

"கதவ சாத்திக்கலாமா?"

சாத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைப் பிரித்தார். விரல் நுனிகளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை. சுண்ணாம்புப் பானையில் கையை விட்டு எடுத்ததைப் போல இருந்தது. இடையிடையே பழைய நிறம் தீவு தீவாக நின்றிருந்தது. வாயின் இடது ஓரத்திலும் ஒரு வெள்ளை, பவுடரால் மூடியிருந்தார்.

"இது ஒட்டிக்கிற சீக்கு இல்ல. பெரியாஸ்பத்திரி டாக்டரே சொல்லிட்டாரு. பயப்படாத" என்றார். நான் ஒன்றும் கேட்காதபோதே சொன்னார். எங்கே போனாலும் முதலில் அதைச் சொல்லிப் பழகியிருந்தார் போலிருக்கிறது.

நான் பயப்படவில்லை என்று காட்டுவதற்காக அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். காட்டுவதற்காகத்தான் பிடிக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். லேசாகச் சிரித்தார்.

"வெள்ளையாக்கறதுக்கு இத்தினி கிரீம் அடுக்கி வெச்சிருக்கியே. என்னிய என் கலருக்கே ஆக்கறதுக்கு ஒண்ணு இல்லியா?"

மாத்திரை, களிம்பு, ஆஸ்பத்திரியில் லைட் வைப்பது எல்லாம் பார்த்தாகிவிட்டது. முதுகிலும் கழுத்திலும் இருந்த வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. விரல்கள் மட்டும் மசியவில்லை. விரலுக்குத் திரும்புவது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பிறகு யாரோ சொன்ன பச்சிலையை அரைத்துப் போட்டு, கொப்புளமாகி, அந்தத் தழும்பும் ஒரு விரலில் இருந்தது.

அவருக்கு நிறம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. அவர் அங்கே வேலை பார்ப்பதை ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். என் தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். மெரூன் நிறத்தில் ஒரு பட்டு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அக்கா அதை அப்படியே தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பிடித்தார்.

"டியூப்லைட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். இங்க வந்து பாரு. இந்த மடிப்புல இழை போயிருக்கு. வேணாம், வெச்சிரு."

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு அது காதில் விழுந்தது. "நீ கடைக்கு வேலை பாக்கறியா, கஸ்டமருக்கு வேலை பாக்கறியா?" என்று எல்லார் எதிரிலும் கத்தினார். அக்கா புடவையை மடித்து, இழை போன இடம் மேலே தெரியும்படி வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளி அவரை வைத்திருந்ததும் இதனால்தான். அந்தம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தேடி வருவார்கள். பொய் சொல்ல வராது அவருக்கு. விலையில் இல்லை, சாயத்தில் இல்லை, இந்தக் கலர் உனக்கு எடுக்கும் எடுக்காது என்பதிலும் இல்லை.

அப்படிப்பட்டவர்தான் தன் கையை மறைக்க வழி கேட்டு என்னிடம் வந்திருந்தார்.

முதலில் நான் செய்தது எல்லாம் வீண். கல்யாண மேக்கப்புக்கு வைத்திருந்த ஃபவுண்டேஷனைக் கையில் போட்டுவிட்டேன். பஸ் கம்பியைப் பிடித்ததும் கம்பிக்குப் போய்விட்டது. புடவையிலும் ஒட்டியது. அப்புறம்தான் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணில் பட்டாள். வெயில் படாமலே வெயில் பட்ட நிறம் வருவதற்கு வீட்டிலேயே லோஷன் போட்டுக்கொள்வது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தாள். கறுக்க வேண்டும் என்று காசு கொடுக்கிற ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அது பூச்சு இல்லை. தோலின் மேல்பட்டையில் கலந்து தானாகவே பழுப்பாகிவிடும். கழுவினால் உடனே போகாது. சில நாட்களில் தோல் உதிர உதிர மங்கும்.

அக்காவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார்.

"இவளுக்கு இன்னா குறைச்சல்? எதுக்கு இத்தப் போட்டுக்கறா?"

"அழகா இருக்குமாம்க்கா."

"நம்ம கலரா?" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன்லைனில் வரவழைத்தோம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்தார். காதுக்குப் பின்னால் துளி வைத்துப் பார்த்து, ஒன்றும் செய்யவில்லை என்றதும் கையில் போட்டோம். முதல் தடவை பப்பாளிப் பழத்தின் நிறம் வந்தது. விரல் முட்டிகளில் மட்டும் கன்றிப்போன கறுப்பு. வெள்ளையைச் சுற்றி மை வளையம் வரைந்த மாதிரி ஒரு கோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கைகளை ஜன்னல் பக்கம் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"விடும்மா. சாயம் ஒரே முக்குல ஏறுமா? ரெண்டு மூணு தடவ முக்கணும்."

அவர் சொன்னதுதான் வழி. பீர்க்கங்காய் நாரால் தோலை முதலில் மெதுவாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரம் சுத்தமாகக் காய வேண்டும். முட்டிகளிலும் மணிக்கட்டு மடிப்பிலும் கொஞ்சம் சாதாரண கிரீம் தடவிவிட்டால் அங்கே தோல் நிறத்தை அதிகமாகக் குடிக்காது. லோஷனை ஒரேயடியாக அப்பாமல் மெல்லிசாக, வெள்ளை இருக்கிற இடத்தில் மட்டும். ஓரங்களில் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிக் கரைக்க வேண்டும். உள்ளங்கையையும் நகத்தையும் உடனே துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு தண்ணீர் படாமல், வேர்க்காமல், ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுநாளும் அதே போல ஒரு தடவை. அப்போது அவருடைய சொந்தக் கறுப்பு வரும். புளியங்கொட்டையின் பளபளப்பு உள்ள கறுப்பு. எது வெள்ளையாக இருந்தது என்று எனக்கே தெரியாது.

ஒரு குறைதான். அந்த லோஷனுக்கு ஒரு வாடை உண்டு. பிஸ்கட்டைத் தீய்த்த மாதிரி. எத்தனை பவுடர் போட்டாலும் அன்று முழுக்க அது அடியில் வந்துகொண்டே இருக்கும்.

நிறம் பிடித்த அன்று அக்கா கதவைத் திறந்து தெருவுக்கு வந்தார். வெயிலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ரொம்ப நாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதைப் போலக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "புடவையில இழை போனாக்கூட மறைக்க மாட்டீங்க. இத மட்டும் எப்படிக்கா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இது பொய் இல்லம்மா. எங்கம்மா எனக்குக் குடுத்த கலரு. களவு போயிட்டுது. திரும்பி வாங்கிக்கறேன், அவ்ளோதான்" என்றார். பிறகு, "எனக்கோசரம் இல்ல. ஜெனிட்டாவுக்கோசரம்" என்றார்.

ஜெனிட்டா அவருடைய ஒரே மகள். வெள்ளை முகத்துக்கு ஏறியபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாளாம். அப்பா அப்போதே போய்விட்டார். செத்துப்போகவில்லை. முகையூரில் தன் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அக்கா சோறு போட்டு வைத்தால் அவர் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். அக்கா குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாராம். சண்டை போடவில்லை, அடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

"திட்டிட்டுப் போயிருந்தா நானும் ரெண்டு வார்த்த திட்டியிருப்பேன்" என்று மட்டும் சொல்வார் அக்கா. அவரைப் பற்றி அதற்கு மேல் பேசிக் கேட்டதில்லை.

ஜெனிட்டாவுக்கு வரன் பார்க்கிற பேச்சு வந்தபோதுதான் அக்காவுக்குக் கைகள் இடைஞ்சலாகத் தெரிந்தன. முதலில் வந்த ஒரு வீட்டார் காபி டம்ளர் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ப் போன் செய்கிறோம் என்றவர்கள் செய்யவே இல்லை. பரம்பரையாக வரும் என்று வெளியில் சொல்லிக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்திருந்தார்.

கிளியனூர் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது அக்காவின் கைகள் அவருடைய பழைய கைகளாக இருந்தன. நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். பையன் பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அவனுடைய அம்மா வாட்டசாட்டமான மனுஷி. நறுக்கென்று பேசுவார். பெண்ணை விட வீட்டைத்தான் அதிகம் பார்த்தார் என்று அக்கா சொல்லிச் சிரித்தார். ஒரே மாதத்தில் எல்லாம் பேசி முடிந்தது.

கல்யாணத்துக்கு முன்தினம் நான் திண்டிவனம் போய்விட்டேன். அக்காவின் வீடு கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் இரண்டே அறை. உறவுக்காரர்களை எல்லாம் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, உள்ளறையில் அவரை டேபிள் ஃபேன் முன்னால் உட்காரவைத்துப் போட்டுவிட்டேன். கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிட முடியாது. மருதாணி வைத்த கல்யாணப் பெண் வந்து, தயிர்சாதத்தைத் தன் கையால் பிசைந்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டாள்.

"நாளைக்கு நீ ஊட்ற ஆளே வேற" என்றார் அக்கா.

"ம், வாயத் தொற. வேர்த்தா கலர் போயிடும், சிரிக்காத" என்றாள் ஜெனிட்டா.

மறுநாள் கோயிலில் அக்கா மகளின் நெற்றியில் சிலுவை போட்டார். சம்பந்திகளின் கைகளைப் பற்றிக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பந்தியில் ஒரு வாய் சாப்பிடவில்லை. கழுவினால் போகாது என்று தெரிந்தும் கை கழுவப் பயம். அந்த போட்டோவை நான் இப்போது பார்த்தாலும் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது.

கல்யாணம் முடிந்தால் இந்தத் தொல்லை முடிந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். முடியவில்லை. சம்பந்தி வீடு என்று ஆனபிறகு போக்குவரத்து உண்டு. தேர்த் திருவிழா, கிறிஸ்துமஸ், அறுப்பு முடிந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு அவர்கள் வருவது, பதிலுக்கு இவர் போவது. எப்போது யார் வருவார்கள் என்று தெரியாததால் நிறத்தை மங்க விடாமலே வைத்திருந்தார். கடைக்கு லீவு விடுகிற நாளெல்லாம் என் கடைக்கு வந்தார். கையை அவரே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். வாயோரத்துக்கு மட்டும் நான் வேண்டும். தோல் காய்ந்துபோய் வெடிக்க ஆரம்பித்தபோது கொஞ்ச நாள் விடலாம் என்றேன். "எப்ப விட்டாலும் அப்பதான் வருவாங்க" என்றார்.

இந்தச் சமயத்தில் ஒரு நாள் ஜெனிட்டா தனியாக வந்தாள். புருவம் எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நூலை எடுத்தேன். அவள் செருப்பைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கினாள். கணுக்காலுக்கு மேலே ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளை. பாதத்தில் இன்னும் இரண்டு.

"எப்பத்துலேர்ந்து?" என்று கேட்டேன்.

"தெரியல அக்கா. மழைக்காலத்துல பாத்தேன். சேத்துப்புண்ணுன்னு நெனச்சேன்."

"வீட்டுக்காரர் பாத்தாரா?"

"இல்ல. பாதத்துல எப்பவும் மருதாணி வெச்சிக்கறேன், மேல பொடவ மறச்சிடும். அம்மாவுக்குப் போட்றீங்களே, எனக்கும் அத்தக் குடுங்க. அம்மாவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா செத்துடும்."

டாக்டரிடம் போ, ஆரம்பத்திலேயே காட்டினால் பலன் இருக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். புருஷனோடு போக வேண்டும், புருஷனிடம் சொல்ல வேண்டும், சொன்னால் மாமியாருக்குப் போகும். அழுதாள். கடைசியில் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அம்மா ஒரு நாளும் மகள் ஒரு நாளுமாக என் கடைக்கு வந்தார்கள். ஒருத்தி பெயரை இன்னொருத்தியிடம் எடுக்காமல் நான் இருவருக்கும் போட்டுவிட்டேன்.

அது அதிக நாள் நிற்கவில்லை. மகளைப் பார்க்கக் கிளியனூர் போன அக்கா, வாசலில் வந்து கட்டிக்கொண்டவளின் மேல் அந்த வாடையை முகர்ந்துவிட்டார். பவுடருக்கும் மல்லிகைக்கும் அடியில் தீய்ந்த பிஸ்கட் வாடை. தன்மேல் அடிப்பதுதானோ என்று முதலில் சந்தேகப்பட்டாராம். அன்று அவர் புதிதாகப் போட்டுக்கொண்டு போகவில்லை, முன்பு போட்ட நிறமே கையில் நின்றது.

ஒன்றும் கேட்காமல், அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கிளியனூரிலிருந்து நேராக என் கடைக்கு வந்தார். இரண்டு பேர் முகத்தில் பூச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

"எங்க?" என்றார்.

"கால்லக்கா. ரெண்டு பாதத்துலயும்."

தலையை ஆட்டினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. மேஜை மேலிருந்த பீர்க்கங்காய் நாரை எடுத்து, ஈரமாக்கி, தன் கையைத் தானே தேய்க்க ஆரம்பித்தார். தோல் சிவக்கிற அளவுக்குத் தேய்த்தார். பிடுங்கினேன்.

"இனிமே எனக்குப் போட வேணாம்மா" என்றார்.

"என்னக்கா செய்யப்போறீங்க?"

"நான் மறச்சது ஒரு கல்யாணத்துக்கோசரம். அவ மறச்சா சாவற வரைக்கும் மறைக்கணும். ஒரே வூட்ல, ஒரே பாய்ல படுத்துக்கினு எப்டி முடியும்? என்னிக்காவது மாட்டிக்குவா. மாட்டிக்கினா, அம்மாளும் பொண்ணும் சேந்து தெரிஞ்சே ஏமாத்திட்டாளுங்கன்னு சொல்லுவாங்க. அந்தப் பேரு என் ஒருத்தியோட நிக்கட்டும்."

நிறம் முழுவதும் உதிர்ந்தபிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு கிளியனூருக்குப் போனார். "நீ பேச வேணாம். சும்மா கூட இரு. பஸ்ஸுல திரும்பி வர்றப்ப ஒரு ஆளு வேணும்." கை முட்டிக்கு மேல் நிற்கிற ஜாக்கெட் போட்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா களத்தில் காயவைத்த மல்லாட்டையைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்த முகத்தோடு வந்தவர், அக்காவின் கையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"சம்பந்தி, இன்னா இது?"

சத்தம் கேட்டு ஜெனிட்டா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அக்கா உட்காரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கடையில் புடவையின் குறையைச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"எனக்கு இது ரொம்ப வருஷமா இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திச்சி. மருந்து போட்டு மறச்சேன். பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க பாத்தது மறச்ச கைதான். நான் மறைக்கறது எம்பொண்ணுக்குத் தெரியாது. அவள கிட்டவே விடாம, கதவ சாத்திக்கினு போட்டுக்குவேன். தப்பு எல்லாம் என்னுது. நாளிக்கு அவளுக்கு ஒரு பொட்டு வந்தாலும், அதுவும் எங்கிட்ட இருந்து வந்ததுதான். அவ உங்கள ஏமாத்தல. நான்தான் ஏமாத்துனேன்."

தயிர்சாதம் ஊட்டிய மகளைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். நான் ஜெனிட்டாவைப் பார்த்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. திறக்காதே என்று அக்காவின் கண் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

சம்பந்தியம்மா மருமகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"வாழ வந்த பொண்ண நான் வெளிய அனுப்ப மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஆனா நீங்க இந்த வாசல மிதிக்கக் கூடாது. அவளும் அங்க வரக் கூடாது."

"சரிங்க" என்றார் அக்கா. அவ்வளவு சுலபமாகச் சொன்னார். கொண்டுபோன பழப்பையைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். அழவில்லை. "பொய் சொல்றது ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. இத்தினி வருஷம் கஷ்டம்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

நினைத்தது நடந்தது. சில மாதங்களில் ஜெனிட்டா புருஷனிடம் காலைக் காட்டினாள். அம்மாவுக்கு இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்துவிட்டதால், அவன் அதிர்ச்சி அடையவில்லை. அவனே பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனான். மாமியார் ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டாராம். இதையெல்லாம் ஜெனிட்டா மாடியில் துணி காயப்போடுகிற நேரத்தில் போனில் சொல்வாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கவைப்பார். கீழேயிருந்து யாராவது கூப்பிட்டால் பாதி வார்த்தையில் கட் ஆகிவிடும். பேத்தி பிறந்ததைக் கூட போன் திரையில்தான் பார்த்தார். குழந்தையைக் குளிப்பாட்ட வேறு யாரோ வந்தார்கள்.

கைகளில் வெள்ளை பரவிக்கொண்டே போனதால் கடை முதலாளி அவரை மேல்மாடி குடோனுக்கு மாற்றிவிட்டார். கீழே யாராவது அந்தம்மா எங்கே என்று கேட்டால், மேலேயிருந்தே புடவையைத் தேர்ந்தெடுத்துக் கீழே அனுப்புவார். லீவு நாளில் வழக்கம்போல என் கடைக்கு வருவார், சும்மா உட்கார்ந்து பேச. ஒரு நாள் கல்யாணப் பெண்ணோடு வந்த ஒருத்தி, அக்கா எழுந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றாள். உட்காருங்கள், இல்லையென்றால் போங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனார்கள். அக்காவும் எழுந்தார். "என்னால உனக்குப் பேஜாரு. பஸ்ஸுக்கு டைம் ஆச்சி" என்றார். அதற்குப் பிறகு கூப்பிட்டால்தான் வருவார். அப்புறம் கூப்பிட்டாலும் வரவில்லை.

குடோனில் புடவைக் கட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று ஒரு காலையில் போன் வந்தது.

நான் போனபோது பெட்டியில் வைத்திருந்தார்கள். கைகளைக் கூப்பி, ஜெபமாலை சுற்றி, அதன் மேல் மல்லிகையைக் கொட்டி, கையே தெரியாதபடி மூடியிருந்தார்கள். வாயோரத்தில் யாரோ பவுடர் அப்பியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள்.

மத்தியானம் கிளியனூரிலிருந்து வேன் வந்தது. ஜெனிட்டா, மாப்பிள்ளை, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சம்பந்தியம்மா. ஜெனிட்டா ஓடி வரவில்லை. நடந்து வந்து பெட்டியின் அருகில் மண்டியிட்டு, முதல் வேலையாக அந்தப் பூவையெல்லாம் இரண்டு கையாலும் ஒதுக்கினாள். பெண்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை. அம்மாவின் கைகள் வெளியே வந்தன. முழு வெள்ளை. மணிக்கட்டு தாண்டி முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. அதன் மேல் தன் கையை வைத்தாள். அவள் விரல்களிலும் இப்போது வெள்ளை இருந்தது. ஒன்றும் போட்டு மறைக்கவில்லை.

"அத்த" என்று கூப்பிட்டாள். சம்பந்தியம்மா கிட்டே வந்தார்.

"அன்னிக்கி அம்மா சொன்னது பொய். எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாம் தெரியும். அம்மா கைய மறைக்கறதுக்கு நானும் கூட இருந்தேன்."

சம்பந்தியம்மா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"தெரியும்மா" என்றார் மெதுவாக. "அவங்க பேசறப்ப நான் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

ஜெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கே தெரியுமா?"

"ம்."

"அப்போ அம்மாவ ஏன் அத்த வரவே கூடாதுன்னீங்க?"

சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது. குழந்தை அவருடைய தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். விடுவித்து முடிந்தபிறகும் தலை நிமிரவில்லை. ஜெனிட்டா பதிலுக்காகக் காத்திருந்தாள். பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் உள்ளே வரும்வரைக்கும் அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.